சயாமுக்கு எடுத்த ஆரத்தி

தட்டில் மஞ்சள் தண்ணீர் தளும்பிக்கொண்டிருந்தது. சுண்ணாம்பு போதவில்லை. அதனால் ஆரத்திக்கு வரவேண்டிய சிவப்பு வராமல், பழுத்த பூசணிக்காயின் நிறத்திலேயே நின்றுவிட்டது. மலாயாவில், கெடா மாநிலத்துக் குருணுக்கு அருகே இருந்த எங்கள் ரப்பர் தோட்டத்து ஆபீஸ் வாசலில் அந்தத் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எனக்கு அப்போது பத்தொன்பது வயது. இடது கையில் ஈரமான தாமரை மாலை. தண்டிலிருந்து வடிந்த தண்ணீர் என் கல்யாணச் சேலையை நனைத்துக்கொண்டிருந்தது.

ஆபீஸ் முகப்பில் இரண்டு கொடிகள். வெள்ளையில் சிவப்பு வட்டம் போட்ட ஜப்பான் கொடியை எங்களுக்குத் தெரியும். அதற்குக் குனிந்து குனிந்து முதுகு பழகியிருந்தது. மற்றது சிவப்பும் வெள்ளையும் நீலமுமாகப் பட்டை போட்டது. அது சயாம் நாட்டுக் கொடி என்று முந்தின நாள்தான் சொன்னார்கள்.

எதற்கு முதலில் குனிவது என்று யாருக்கும் தெரியவில்லை. கங்காணியின் மனைவி காத்தாயி அக்கா என் பக்கத்தில் நின்றார். இரண்டு கொடிக்கும் நடுவில் பார்த்து ஒரே தடவை குனிந்துவிட்டு, "ரெண்டு பேரும் பங்கு போட்டுக்கட்டும்," என்று முணுமுணுத்தார்.

சென்ற வாரம் இந்தப் பத்தியில் மரவள்ளிக்கிழங்குச் சாப்பாட்டைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு, மெர்கோங்கிலிருந்து ஒரு வாசகி கடிதம் போட்டிருக்கிறார். 'கெடா அப்போது ஜப்பான்காரன் கையில் இருந்ததா, சயாம்காரன் கையில் இருந்ததா? என் பேரனின் பாடப் புத்தகமும் உங்கள் கட்டுரையும் ஒத்துவரவில்லையே' என்று கேட்கிறார்.

அம்மா, அங்கேயே இருந்த எங்களுக்கே அது ஒத்துவரவில்லை. தெரிந்த வரைக்கும் சொல்கிறேன்.

நட்புக்குக் கொடுத்தது

ஜப்பான்காரர்கள் வந்து வெள்ளைக்காரத் துரை ஓடிப்போன பிறகு தோட்டத்தைப் பார்த்துக்கொண்டவர் பெரிய கிராணி தாமோதரன். ஆபீஸ் கணக்கு எழுதிக்கொண்டிருந்த மனிதர். ஜப்பான்காரர்கள் அவரையே மேலாளாக வைத்துக்கொண்டார்கள். ஒரு நாள் காலைப் பெரட்டில், நாங்கள் வேலைக்கு வரிசை கட்டி நின்றபோது, அவர் ஒரு காகிதத்தைப் பிரித்தார்.

"எல்லாரும் கேளுங்க. ஜப்பான் சர்க்காரு, சயாம் சர்க்காரோட சிநேகத்துக்கு அடையாளமா, கெடாவையும் இன்னும் மூணு மாநிலத்தையும் அவங்களுக்குக் குடுத்துருச்சு. இனிமே நாம சயாம்."

பின்வரிசையில் ஒரு கிழவர் கேட்டார்.

"குடுத்துட்டாங்கன்னா, தோட்டத்தையா கிராணியாரே?"

"எல்லாத்தையும்தான்."

"எங்களையுமா?"

கிராணி காகிதத்தை இன்னொரு முறை மேலிருந்து கீழாகப் பார்த்தார். "ஆளுங்களப் பத்தித் தனியா ஒண்ணும் எழுதல," என்றார்.

"அப்ப ஜப்பான்காரன் போயிருவானா?"

"அவனும் இருப்பான்."

கிராணி கேலிக்குச் சொல்லவில்லை. அவர் முகத்தைப் பார்த்தால் அவருக்கும் புரியவில்லை என்று தெரிந்தது.

மற்றவர்கள் என்ன நினைத்தார்களோ, என் காதில் ஒரே ஒரு சொல்தான் விழுந்தது. சயாம். ஆறு மாதத்துக்கு முன் என் வீட்டுக்காரரை லாரியில் ஏற்றிக்கொண்டு போனது அங்கேதான்.

அவரும் சயாம், நானும் சயாம்

அவர் பெயர் மாரிமுத்து. எங்களுக்குக் கல்யாணமாகி நான்கு மாதம் ஆகியிருந்தது. சயாமில் ரயில் பாதை போடுகிறார்கள், மூன்று மாத வேலை, சாப்பாடு கொடுப்பார்கள் என்று சொல்லி ஆள் பிடித்தார்கள். வரமாட்டேன் என்று சொல்ல வழி இருக்கவில்லை.

"மூணு மாசந்தானே பாக்கியம்," என்றார். "மழ விடறதுக்குள்ள வந்துருவேன்."

மழை விட்டது. மறுபடி பெய்தது. ஒரு கடிதம்கூட வரவில்லை. பக்கத்துத் தோட்டத்துக்கு ஒருவர் அங்கிருந்து தப்பி ஓடிவந்திருப்பதாகச் சொன்னார்கள். அவரைப் போய்ப் பார்க்கிறேன் என்று கிளம்பினேன். காத்தாயி அக்கா வாசற்படியில் உட்கார்ந்துகொண்டு என்னை விடவில்லை. "அவன் சொல்றதக் கேட்டு நீ என்னா செய்யப் போற?" என்றார். ஏற்கெனவே அவர் போய்க் கேட்டுவிட்டு வந்திருந்தார் என்று எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

தினமும் காலையில் உடைந்த கண்ணாடித் துண்டு முன்னால் நிற்பேன். பொட்டு வைத்தால், எந்த நம்பிக்கையில் வைக்கிறாய் என்று கேட்பதுபோல இருக்கும். வைக்காவிட்டால், நானே அவரைச் சாகடித்ததுபோல இருக்கும். கடைசியில் வைப்பேன். வைத்த பிறகும் விரலைத் துடைக்க மறந்து நிற்பேன்.

அன்று பெரட்டு கலைந்ததும் கிராணியிடம் போனேன்.

"கிராணியாரே, அவரு சயாமுல இருக்காரு. நாமளும் இப்ப சயாம். ஒரே நாடாயிட்டா நடுவுல எல்ல கிடையாதுதானே? அவரு வந்துரலாம்தானே?"

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்தார். "நியாயமாப் பாத்தா அப்படித்தாம்மா," என்றார். "எனக்குச் சொல்லத் தெரியல."

'நியாயமாப் பாத்தா' என்ற அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு என் லயத்து வீட்டுக்குப் போனேன்.

பொன்னால் செய்த மரம்

இந்த இடத்தில் பாக் மானைப் பற்றிச் சொல்ல வேண்டும். கோலா கெடாவிலிருந்து கருவாடு கொண்டுவந்து தோட்டங்களில் மாட்டு வண்டியில் விற்கும் மலாய்க்காரர். எங்கள் பேச்சைப் பாதி பேசுவார், மீதியை மலாயில் முடிப்பார்.

நான் கேட்டேன், "பாக் மான், உங்க ஊர எடுத்து வேற ஆளுக்குக் குடுத்துட்டாங்களே, உங்களுக்குக் கோபம் இல்லையா?"

"இது புதுசு இல்ல லா," என்றார். முன்னொரு காலத்தில், அவருடைய தாத்தாவின் தாத்தா காலத்தில், கெடா சுல்தான்கள் மூன்று வருடத்துக்கு ஒரு முறை சயாம் ராஜாவுக்குக் காணிக்கை அனுப்புவார்களாம். பொன்னாலும் வெள்ளியாலும் செய்த சிறிய மரங்கள். இலை, பூ எல்லாமே பொன்னும் வெள்ளியும்தான். புங்கா மாஸ் என்று பெயர், பொற்பூ.

"எதுக்கு அனுப்புனாங்க?"

"எங்க ஆளு சொல்வாங்க, அது சிநேகம். சயாம் ஆளு சொல்வாங்க, நீ எனக்குக் கீழ, அதனால அனுப்புன."

"எது நெசம்?"

பாக் மான் ஒரு கருவாட்டை எடுத்து வாலைப் பிடித்துத் தட்டிப் பார்த்தார். "பூ குடுத்தவன் மனசுல என்னா இருந்துச்சுன்னு பூவுக்குத் தெரியுமா?" என்றார். பிறகு, தாம் ஏதோ பெரிய விஷயம் சொல்லிவிட்டதாக வெட்கப்பட்டவர்போல, "இக்கான் மாவ்?" என்று மீன் வேண்டுமா என்று கேட்டு முடித்துக்கொண்டார்.

யார் எடுப்பது?

சயாம் அதிகாரி ஒருவர் தோட்டத்தைப் பார்க்க வருகிறார், ஜப்பான் அதிகாரியும் கூட வருகிறார், உங்கள் வழக்கப்படி வரவேற்று இரண்டு நாட்டுக்கும் நன்றி சொல்ல வேண்டும் என்று உத்தரவு வந்தது.

எங்கள் வழக்கம் ஆரத்தி. அதை ஒரு சுமங்கலி எடுக்க வேண்டும். கிழியாத சேலை இருக்க வேண்டும். பாதிப் பெண்கள் கோணிச் சாக்கைச் சுற்றிக்கொண்டிருந்த காலம் அது. நல்ல சேலை மிச்சம் வைத்திருந்தவர்கள் மூன்று பேர். ஒருத்திக்குக் காய்ச்சல், இன்னொருத்திக்கு நிறைமாதம். மிஞ்சியது நான்.

குழாயடியில் பேச்சு எழுந்தது. நான் குடத்தோடு நின்றுகொண்டிருந்தபோதே பேசினார்கள்.

"அவ எடுக்கலாமா? அவ புருஷன் இருக்கானா இல்லையான்னே தெரியல."

"இல்லன்னு யாரு வந்து சொன்னா?"

"இருக்கான்னுதான் யாரு வந்து சொன்னா?"

இரண்டு பேச்சும் எனக்குச் சரியாகவே பட்டது. அதுதான் கஷ்டம். நான் யார் பக்கம் பேசுவது?

விஷயம் கிராணியிடம் போனது. அவர் யோசித்துவிட்டு, "சயாம்காரருக்கு ஆரத்தி எடுக்க, புருஷன் சயாமுல இருக்கிறவதான் பொருத்தம்," என்றார். அது தீர்ப்பா, ஆறுதலா, எனக்குத் தெரியவில்லை. ஆனால் யாரும் அதற்கு எதிர்ப்பேச்சுப் பேசவில்லை.

மாலைக்குப் பூ கிடைக்கவில்லை. லயத்து வாசல்களில் இருந்த செம்பருத்தியும் சாமந்தியும் எப்போதோ கிழங்குக்கு இடம் விட்டுவிட்டன. பழைய குட்டையில் தாமரை இருந்தது. பெண்கள் இடுப்பளவு தண்ணீரில் இறங்கிப் பறித்து வாழைநாரில் கட்டினோம்.

மூன்று வார்த்தை

அதிகாரியை நேருக்கு நேர் பார்க்கப் போகிறேன். அவரிடமே கேட்டுவிட்டால் என்ன என்று எனக்குத் தோன்றியது. யாரிடமும் சொல்லவில்லை.

குருண் சந்தையில் சிம் என்று ஒரு சயாம் பெண் வெற்றிலை விற்பாள். கெடாவிலேயே பிறந்தவள், மலாய் நன்றாகப் பேசுவாள். அக்கா என்றுதான் அவளைக் கூப்பிடுவேன். என் புருஷன் ரயில் பாதையில் இருக்கிறார் என்று உங்கள் பேச்சில் எப்படிச் சொல்வது என்று கேட்டேன்.

நீளமாகச் சொன்னால் மறந்துவிடுவாய் என்று மூன்று வார்த்தை கொடுத்தாள். புவா என்றால் புருஷன். சான் என்றால் என்னுடைய. ரொட்பாய் என்றால் ரயில். வெற்றிலையை நனைத்துக்கொண்டே என்னைப் பத்துத் தடவை சொல்ல வைத்தாள். நடுவில் ஆள் வந்து வெற்றிலை கேட்டுக்கொண்டே இருந்ததால் பாதி காதோடுதான் கேட்டாள். போதும், போ என்றாள்.

விழா நாள் காலை கார் வந்து நின்றது. ஜப்பான் அதிகாரி முதலில் இறங்கினார். பிறகு சயாம் அதிகாரி. நாற்பது வயது இருக்கும், குட்டையான மனிதர், நெற்றியெல்லாம் வியர்வை. இரண்டு பேரும் ஒருவரையொருவர் முன்னால் போகச் சொல்லி வழிவிட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் வாசலிலேயே நின்றார்கள்.

ஆரத்தி சுற்றினேன். மாலையை நீட்டினேன். கிராணி சொல்லிக்கொடுத்தபடி எல்லாரும் ஜப்பானுக்கு ஒரு தடவையும் சயாமுக்கு ஒரு தடவையும் நன்றி சொன்னார்கள். அந்தச் சத்தத்தில் நான் அவர் கண்ணைப் பார்த்து, "புவா சான், ரொட்பாய்," என்றேன்.

அவர் மாலையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "ரொட்பாய்?" என்றார்.

"ரொட்பாய்," என்றேன். வடக்கே கையைக் காட்டினேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அவர் முகம் இளகியது. மாலையை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு மெல்லிய குரலில் ஏதோ சொன்னார். கூட வந்த மொழிபெயர்ப்பாளர் அதை மலாயில் சொல்ல, கிராணி தமிழில் சொன்னார்: "சரிங்கறாரு. ரயிலுக்கு அனுப்பி வைக்கிறாராம்."

எதை அனுப்புவார் என்று நான் கேட்கவில்லை. என் வீட்டுக்காரரைப் பற்றிய விசாரிப்பைத்தான் அனுப்புவார், வேறு எதை?

விழா முடிவில் வீட்டுக்கு ஒரு பால் டின் அளவு அரிசி கொடுத்தார்கள். சிநேக அரிசி என்று அதற்குப் பெயரே வைத்துவிட்டோம். ஜப்பான் சயாமுக்குக் கொடுத்து, சயாம் எங்களுக்குக் கொடுத்தது என்று கிராணி விளக்கினார். பாக் மான் நாலு அரிசி மணியை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துவிட்டு, இது நம்ம கெடா வயல் அரிசிதானே என்றார். அதுவும் உண்மைதான். வெகுநாள் கழித்துச் சோறு தின்ற வயிறு அன்று இரண்டு நாட்டையும் வாழ்த்தியது.

குருண் ஸ்டேஷன்

அதற்குப் பிறகு வாரம் ஒரு நாள் குருண் ஸ்டேஷனுக்கு நடந்தேன். வடக்கேயிருந்து வரும் வண்டியில் ஆள் வரலாம், இல்லாவிட்டால் ஒரு சேதியாவது வரலாம். ஸ்டேஷனில் கொடி காட்டும் வேலையில் ஒரு தமிழர் இருந்தார். மூன்றாவது வாரம் அவர் என்னைக் கூப்பிட்டு, யாருக்காகக் காத்திருக்கிறாய் என்று கேட்டார். சொன்னேன். சயாம் அதிகாரி வாக்குக் கொடுத்திருக்கிறார் என்றும் சொன்னேன்.

"சயாம் அதிகாரியா? குட்டையா ஒருத்தரா?" என்றார். "அவரு அன்னைக்கு ஒரு தாமர மாலையக் கொண்டாந்து, வடக்க போற எஞ்சினுக்குப் போடச் சொன்னாரு. ஒரு தோட்டத்துப் பொம்பள அழுது கேட்டுக்கிட்டாளாம். கட்டற வரைக்கும் வெயில்ல நின்னு பாத்துட்டுத்தான் போனாரு."

நேராகச் சந்தைக்குப் போனேன்.

"நீ என்ன சொன்ன? அப்படியே சொல்லு," என்றாள் சிம்.

சொன்னேன். அவள் முதலில் சிரித்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். புவா என்பதை மூச்சை ஊதிக் குரலை மேலே ஏற்றிச் சொல்ல வேண்டுமாம். அப்போதுதான் அது புருஷன். என் தமிழ் நாக்குக்கு வந்ததுபோல ஊதாமல் சொன்னால், அது தாமரை.

கையில் தாமரை மாலையோடு, என் தாமரை, ரயில் என்று அழுதிருக்கிறேன். அந்த மனிதர் நான் கேட்டதைக் கேட்டபடியே செய்துவிட்டுப் போயிருக்கிறார்.

அவர்மேல் கோபப்பட முடியவில்லை. நன்றி சொல்லவும் முடியவில்லை. சரியான உச்சரிப்பை சிம் மறுபடி சொல்லிக்கொடுத்தாள். ஆனால் அந்த அதிகாரி அதற்குப் பிறகு எங்கள் பக்கம் வரவே இல்லை. ஒரு தடவை பாக் மானோடு அலோர் ஸ்டார் வரைக்கும் போய் ஓர் அலுவலகத்தில் சரியாகவே சொன்னேன். நிலம்தான் சயாமுடையது, ரயில் பாதை ஜப்பானுடையது, அங்கே போய்க் கேள் என்றார்கள். அங்கே போனால், இப்போது இது சயாம், அவர்களைக் கேள் என்றார்கள்.

கை கூப்பாத மனிதர்

சண்டை முடிந்து, வெள்ளைக்காரர்கள் திரும்பி வந்து, கெடா மறுபடி கை மாறி, சில மாதம் ஆகியிருந்தது. ஒரு மத்தியானம் குழாயடியில் துணி அலசிக்கொண்டிருந்தேன். கம்பை ஊன்றிக்கொண்டு ஒருவர் வந்தார். காலில் துணி சுற்றியிருந்தது. என்னிடம்தான் கேட்டார்.

"ஏம்மா, பாக்கியம் இப்ப எந்த வீட்டுல இருக்கு?"

நான் எழுந்து நின்றேன். பெயரைச் சொன்ன பிறகுதான், அவர் மாரிமுத்து, நான் பாக்கியம் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரிந்தது.

தாமரைக் கதையைப் பல நாள் கழித்து அவரிடம் சொன்னேன். சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் நெற்றியைச் சுருக்கி யோசித்துவிட்டு, "நான் இருந்த பக்கம் மால போட்ட எஞ்சின் ஒண்ணும் வரல," என்றார்.

கால் புண் ஆறியது. பால் வெட்டப் போனார். ஆனால் ஒன்று மட்டும் மாறியிருந்தது. மாரியம்மன் கோயிலுக்கு வருவார், சன்னதியில் நிற்பார், கையைத் தொங்கப் போட்டுக்கொண்டே நிற்பார். கும்பிட மாட்டார். ரயில் பாதையில் சாமி நம்பிக்கை போய்விட்டது என்றார்கள். பின்னாளில் எங்கள் பெரிய மகளைப் பெண் பார்க்க வந்தவர்களிடமும் வாயால் வாங்க என்றாரே தவிர, கை எழவில்லை. திமிர் பிடித்த ஆள் என்று அவர்கள் பேசிக்கொண்டது என் காதில் விழுந்தது. நான் விளக்கம் சொல்லவில்லை.

காரணம் எனக்கு அதற்கு முன்பே தெரிந்திருந்தது. அவர் வந்த மறு வருடம், ஒரு காலை, பால் வெட்டும் நேரத்தில் பக்கத்துப் பக்கத்து வரிசையில் இருந்தோம். மழை தூறியதால் ஒரு மரத்தடியில் ஒதுங்கினோம். அவராகவே ஆரம்பித்தார்.

"அங்க காய்ச்சல்ல கெடந்தப்ப ஒரு சயாம் பொம்பள சோறு வப்பா. வேலிக்கு அந்தப் பக்கம் மூங்கிப் புதரு. அதுக்குள்ள எலையில சுருட்டி, ஒட்டற அரிசிச் சோறு. யாரு எவருன்னு தெரியாது. எனக்குன்னும் வக்கல, எவன் எடுத்தாலும் சரின்னு வப்பா. நாள் தவறாம."

நான் பால் வாளியை மழை படாமல் மரத்தோரம் நகர்த்தினேன்.

"அவ பாஷ எனக்குத் தெரியாது. ஒரு நாளு அவ வக்கறத நேர்ல பாத்துட்டேன். நின்னு கும்புட்டேன். அவ வேணாம் வேணாம்னு கைய ஆட்டுனா. எனக்குப் புரியல பாக்கியம். நான் கும்புட்டது அவளுக்குத் தெரியலபோலன்னு நெனச்சு, ரெண்டு கையயும் தலைக்கு மேல தூக்கிக் கும்புட்டேன். பின்னால காவக்காரன் நின்னத நான் பாக்கல."

தூறல் நின்றுவிட்டிருந்தது. இலையிலிருந்து மட்டும் சொட்டிக்கொண்டிருந்தது.

"அடிச்சாங்களா?"

"என்னய அடிச்சாங்க. அவ ஓடுனா. ரெண்டு பேரு அவ பின்னால போனாங்க. அதுக்கு மேல தெரியல. மறுநாள்லேருந்து சோறு இல்ல."

அந்தப் பெண் உயிரோடு இருப்பதாகச் சொல்லவா, இல்லை என்று சொல்லவா? இரண்டையும் சொல்ல எனக்கு என்ன தெரியும்?

"தப்பிச்சு வேற ஊருக்குப் போயிருப்பா," என்றேன்.

"போயிருக்கலாம்," என்றார். பால் வாளியை எடுத்துக்கொண்டு அடுத்த மரத்துக்கு நடந்தார்.